வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்கிய விசாரணை: ஓபியாய்டு சார்புச் சிகிச்சையில் ஒரு தாயைத் தக்கவைத்த நிகழ்வு ஆய்வு

போதைப்பொருள் சார்புக்குச் சிகிச்சை பெற வரும் பெண்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்ற குறை சிகிச்சை மையங்களில் ஓயாமல் கேட்கும் ஒன்று. ‘ஊக்கம் போதவில்லை’, ‘குடும்ப ஒத்துழைப்பு இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதி, கோப்பை மூடிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு வரிகளுக்குள் அடங்காத, ஓபியாய்டு (ஹெராயினும் சில வலி மாத்திரைகளும் அடங்கிய வகை) சார்புள்ள ஒரு பெண்ணின் நிகழ்வை இந்த ஆய்வு விரிவாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பெண் தவறவிடும் ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது என்பதும், காய்ச்சலுக்குக் காரணம் தேடுகிற அதே பொறுமையோடு அதைத் தேடினால் பெரும்பாலும் மையத்தின் கைக்கு எட்டும், மாற்றக்கூடிய ஒன்று அகப்படும் என்பதும் இதன் மையக் கருத்து.

இங்கு விவரிக்கப்படுபவர் தனியொரு பெண் அல்லர். ஒத்த சூழலில் சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் விவரங்களை இணைத்து அமைத்த நிகழ்வு இது. அடையாளம் காட்டக்கூடிய எதுவும் சேர்க்கப்படவில்லை.

ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2015-ல் வெளியிட்ட உலகப் போதைப்பொருள் அறிக்கை, போதைப்பொருள் பயன்படுத்துவோரில் மூவரில் ஒருவர் பெண் என்றும், சிகிச்சையில் இருப்போரில் ஐவரில் ஒருவர் மட்டுமே பெண் என்றும் கூறியது. இந்த இடைவெளியைப் பார்ப்பவர்கள் பெண்கள் சிகிச்சையில் தங்கமாட்டார்கள் என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். ஆனால் மனநல மருத்துவர் ஷெல்லி கிரீன்ஃபீல்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007-ல் வெளியிட்ட விரிவான ஆய்வுத் தொகுப்பு வேறொன்றைச் சொல்கிறது. வாழ்நாளில் சிகிச்சைக்குள் நுழையும் வாய்ப்பு பெண்களுக்குக் குறைவு. நுழைந்த பிறகு, பெண் என்பது மட்டுமே ஒருவர் தங்குவாரா, முடிப்பாரா என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்படியானால் தங்குவதையும் போவதையும் தீர்மானிப்பவை அவரைச் சுற்றியுள்ள நிலைமைகள்தாம். அவற்றைத்தான் இந்த நிகழ்வில் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டியிருந்தது.

பின்னணி

வயது 31. இரண்டு குழந்தைகள்; மூத்தவளுக்கு ஏழு, இளையவனுக்கு மூன்று. வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவர். இளையவன் அறுவைச் சிகிச்சையில் பிறந்தான். அப்போது வலிக்காகத் தரப்பட்ட டிராமடால் என்ற ஓபியாய்டு மாத்திரையை, வலி தணிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. இரவில் குழந்தைக்காக விழித்து, பகலில் தையல் இயந்திரத்தின் முன் உட்காரவேண்டியிருந்தவருக்கு அந்த மாத்திரை ஒரு தெம்பைத் தந்தது. அதை எடுக்காத நாளில் மூக்கு ஒழுகி, கால் குடைந்து, தூக்கம் போனது. எண்ணிக்கை கூடியது. மாத்திரை கிடைக்காத ஒரு வாரத்தில், ஏற்கெனவே ஹெராயின் பயன்படுத்திவந்த கணவர் அதை அலுமினியத் தாளில் சூடாக்கி, புகையை இழுக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் மாத்திரையிலிருந்து கடுமையான சார்பு வரை ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. கணவருக்கோ அதே தூரத்தைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் பயன்பாட்டிலிருந்து சார்பு வரையிலான காலம் பெண்களிடம் இப்படிச் சுருங்கிவிடுவது மது, ஓபியாய்டு இரண்டிலும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. பழக்கம் ஏற்பட்டுக் கொஞ்ச காலம்தானே ஆகிறது என்று பெண் நோயாளியை இலேசாக எடைபோடுவது ஆபத்தானது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இளையவனுக்கு ஒன்றரை வயதானபோது அவர் ஒரு தங்கும் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். அங்கே குழந்தைகளுக்கு இடமில்லை. முதல் இரண்டு வாரங்களுக்குப் பார்வையாளரும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஒன்பதாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று செய்தி வர, மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். இனி மூன்று மாதங்களுக்கு இடம் தரப்படாது என்பது அங்கிருந்த விதி. வெளியே வந்த மூன்றாம் வாரத்தில், முன்பு பழகிய அதே அளவு ஹெராயினை எடுத்து மூச்சடங்கும் நிலைக்குப் போனார். அக்காள் கண்டுபிடித்ததால் உயிர் தப்பினார். போதைப்பொருளை நிறுத்தி உடலிலிருந்து வெளியேற்றும் நச்சு நீக்கத்துக்குப் பிறகு உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. பழைய அளவே அப்போது உயிரைப் பறிக்கும் அளவாகிவிடுகிறது. 2017-ல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வில், ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவ மேற்பார்வையில் தரப்படும் மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களிடையே ஆயிரம் ஆள்-ஆண்டுகளுக்கு (ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்ததற்குச் சமம்) 11.3 ஆக இருந்த இறப்பு விகிதம், சிகிச்சையை விட்டவர்களிடையே 36.1 ஆக இருந்தது; விட்டபின் வரும் முதல் நான்கு வாரங்கள் குறிப்பாகக் கொடியவை. பாதியில் போனவருக்குத் தண்டனையாகக் கதவை அடைக்கும் விதி, அந்த நான்கு வாரங்களில்தான் அவரை வெளியே நிறுத்துகிறது. இத்தகைய விதிகளை ஒழுங்கு என்ற பெயரில் ஏற்றுக்கொள்ள முடியாது.

முதல் நாள்

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அவரை அழைத்துவந்தவர் அக்காள். கணவரும் கூடவே வந்திருந்தார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கணவரே பதில் சொன்னார். வருகிற ஒவ்வொருவரிடமும், ஆணானாலும் பெண்ணானாலும், ஒரு பகுதியைத் தனியாகவே பேசுவது இங்குள்ள நடைமுறை. அது எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால், தனியாகப் பேச அவர்தான் கேட்டார் என்ற பழி அந்தப் பெண்மீது விழுவதில்லை. குடும்பத்தினர் ஒருவர் உடனிருந்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தும் மையங்கள் இதைக் கவனிக்க வேண்டும்: உடனிருப்பவரே பொருளைத் தருபவராகவும் அடிப்பவராகவும் இருக்கக்கூடும்.

கதவு சாத்தப்பட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளைங்களைக் கொண்டுபோயிருவாங்களா, சிஸ்டர்?” என்பதுதான். சிகிச்சையைத் தேடாமல் பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருப்பதற்கும், வந்தவர்கள் உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கும் இந்த அச்சத்தைவிடப் பெரிய காரணம் அரிது. ‘அப்படியெல்லாம் நடக்காது’ என்று ஆறுதல் சொல்வது எளிது. ஆனால் பின்னால் பொய்த்துப்போகக்கூடிய வாக்குறுதியைத் தருவது நம்பிக்கையை வேரோடு பிடுங்கும். எனவே செவிலியர், எவையெல்லாம் இந்த அறையைவிட்டு வெளியே போகாது, எந்தச் சூழலில் மட்டும் குழந்தைகளின் பாதுகாப்புக்காக மற்றவர்களுக்குத் தெரிவிக்கவேண்டிய கடமை உண்டு, அப்படி நேர்ந்தால் அதை முதலில் அவரிடமே சொல்லிவிட்டுத்தான் செய்வோம் என்பவற்றைத் தெளிவாக விளக்கினார். சிகிச்சைக்கு வந்திருப்பது தாய்க்கு எதிரான சான்றாக இங்கே எழுதப்படாது என்பதையும் சொன்னார். தம்முடைய கைபேசியைக் கணவர் தினமும் பார்ப்பார், தையல் கூலியை வாங்கிக்கொள்வார், கோபம் வந்தால் கை நீட்டுவார் என்று அந்தப் பெண் சொன்னது அதற்குப் பிறகுதான்.

மதிப்பீட்டில் கடுமையான ஓபியாய்டு சார்பும் மிதமான மனச்சோர்வும் தெரிந்தன. திடுக்கிட்டு விழித்தல், கதவோரம் பார்த்தே உட்காருதல் போன்ற பேரதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. ஆனால் அவற்றின் வேரை அன்று தோண்டவில்லை. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிடவேண்டும் என்ற படிவத்தின் அவசரத்துக்கு நோயாளி பலியாகக்கூடாது. பதின்பருவத்தில் நேர்ந்த பாலியல் வன்முறையை அவர் மூன்றாம் மாதத்தில், தாமாகவே சொன்னார்.

இன்னொரு செய்தியும் முதல் நாளே பேசப்பட்டது. மாதவிலக்கு பல மாதங்களாக வராததால் கருத்தரிக்க வாய்ப்பில்லை என்று அவர் நம்பியிருந்தார். ஓபியாய்டுகள் மாதவிலக்கைக் குலைப்பது உண்மை. ஆனால் சிகிச்சையில் உடல் தேறும்போது கருமுட்டை வெளிப்படுவதும் திரும்பிவிடுகிறது. சிகிச்சையின் தொடக்க மாதங்களில் எதிர்பாராமல் கருத்தரிப்பது நேர்வதுண்டு. கருப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகு, அவர் விரும்பிய கருத்தடை முறை அதே வாரத்தில் ஏற்பாடாயிற்று.

மருந்து

மெத்தடோனா, அதுபோன்ற மற்றொரு மாற்று மருந்தான புப்ரெனார்பினா என்பது முதலில் முடிவு செய்யவேண்டியதாக இருந்தது. ஆளைத் தக்கவைக்கும் ஆற்றலில் மெத்தடோன் ஓரளவு முன்னிற்கிறது. கர்ப்பிணிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியான ‘மதர்’ ஆய்வில், புப்ரெனார்பின் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு விலகல் அறிகுறிகள் (பழகிய மருந்து நின்றதும் உடல் படும் அவதி) இலேசாக இருந்தன. மருத்துவமனையில் தங்கிய நாட்களும் சராசரியாக 17.5-லிருந்து 10-ஆகக் குறைந்தன. ஆனால் அதே ஆய்வில் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் மெத்தடோன் பிரிவில் 18 சதவீதம், புப்ரெனார்பின் பிரிவில் 33 சதவீதம். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டி, இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் பலர். இந்த நிகழ்வில் மெத்தடோனுக்குத் தினசரி வருகை தேவைப்பட்டது. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, கணவரின் கண்காணிப்பில் இருப்பவரால் அது இயலாது. ஆகவே புப்ரெனார்பினும், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலோக்ஸோனும் கலந்த மாத்திரை தேர்வாயிற்று.

இந்த மருந்தை உடலில் ஹெராயின் மிகுந்திருக்கும்போது கொடுத்தால், அது கடுமையான விலகல் அறிகுறிகளை உடனே கிளப்பிவிடும். எனவே கடைசிப் பயன்பாட்டுக்குப் பிறகு, அறிகுறிகள் தெளிவாகத் தொடங்கும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் அந்த இரவில் வாந்தியும் நடுக்கமுமாக ஒரு தாய் மூன்று வயதுப் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வி, மருந்தளவு பற்றிய கேள்விக்குச் சற்றும் குறைந்ததல்ல. அக்காள் இரண்டு இரவுகள் பிள்ளைகளைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவருக்கு வசதியான நாளை முதலில் கேட்டு, அதற்கேற்பவே மருந்து தொடங்கும் நாள் குறிக்கப்பட்டது. முதல் நாள் 4 மி.கி., மாலையில் இன்னொரு 4. இரண்டாம் வாரத்தில் 16 மி.கி. அளவில் ஏக்கமும் அறிகுறிகளும் அடங்கின. குறைவான அளவிலேயே நிறுத்தி வைப்பது பாதுகாப்பு என்று தோன்றினாலும், ஆட்களை வெளியே தள்ளும் பொதுவான காரணங்களில் அதுவும் ஒன்று.

மாத்திரை நாக்கின் அடியில் கரைய ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஆகும். அதுவரை பேசக்கூடாது, விழுங்கக்கூடாது. மூன்று வயதுப் பையனுக்கு இது புரியாது. அம்மா வாயை மூடிக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு முதல் வாரத்தில் அவன் அவருடைய கன்னத்தைத் தட்டி, வாயைத் திறக்கப் பார்த்து, பிறகு அழத் தொடங்குவான். அவர் கலங்கிப்போய் மாத்திரையை விழுங்கிவிடுவார். விழுங்கிய மருந்து உடலில் மிகக் குறைவாகவே சேரும். அடுத்த வாரம் செவிலியர் ஒரு காரியம் செய்தார்: மருந்து தரும் மேசைக்குப் பக்கத்தில் தாள்களும் வண்ணக் குச்சிகளும் வைத்து, “அம்மா வாய்க்குள்ள ஒரு மாத்திரை தூங்குது, அது எந்திரிக்கிறதுக்குள்ள நீ ஒரு வீடு வரைஞ்சிருவியா?” என்று அவனிடம் கேட்டார். அவன் வரைந்தான், தாய்க்குப் பத்து நிமிடம் கிடைத்தது. தக்கவைத்தல் என்று நாம் பெரிதாகப் பேசுவதில் ஒரு பங்கு இந்த மேசையில்தான் நடந்தது. இதற்குத் தனி நிதியும் தேவைப்படவில்லை, தனிப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

பதினொரு வராத நாட்கள்

முதல் பதினான்கு வாரங்களில் அவர் பதினொரு வருகைகளைத் தவறவிட்டார். வழக்கமான பார்வையில் இது ஊக்கக் குறைவு. குழுக் கூட்டத்தில் அந்தப் பதினொரு தேதிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்று மையத்தில் என்ன திட்டமிடப்பட்டிருந்தது, அவருடைய வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நிரப்பினோம். தாள் முடிந்தபோது ஒரே ‘வரவில்லை’க்குள் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருப்பது தெரிந்தது.

ஐந்து தேதிகள் சிறுநீர்ப் பரிசோதனை நாட்கள். மாதிரியில் கலப்படம் நேராமலிருக்க ஒரு ஊழியர் கழிப்பறை வாசலில் நின்று பார்ப்பது விதி. ஊழியர் பெண்தான், ஆனாலும் நோயாளி சொன்னது இது: “கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்காரச் சொன்னா உடம்பெல்லாம் நடுங்குது, சிஸ்டர். அன்னைக்கு மட்டும் வரவே முடியலை.” பதின்பருவத்தில் நேர்ந்ததை அவர் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னதும் இந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான். செவிலியர், “அப்ப இனி அது வேண்டாம்மா. வாய்க்குள்ள பஞ்சு வெச்சு எச்சில் எடுக்கிற டெஸ்ட் இருக்கு, அதை எடுத்துக்கலாம்” என்றார். எச்சில் பரிசோதனை சிறுநீரைவிடக் குறுகிய காலப் பயன்பாட்டையே காட்டும்; அந்தக் குறைபாட்டைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். நோயாளியே வராவிட்டால் எந்தப் பரிசோதனையும் எதையும் காட்டப்போவதில்லை. அந்த மாற்றத்துக்குப் பிறகு பரிசோதனை நாட்களில் அவர் தவறவில்லை.

நான்கு தேதிகள் மூத்தவளின் பள்ளி விடுமுறையும் அக்காளின் வேலை நேரமும் ஒன்றாக வந்த நாட்கள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, காத்திருக்கும் இடத்தில் ஆண் நோயாளிகளின் நடுவே ஒரு மணி நேரம் உட்கார அவர் விரும்பவில்லை. விவரம் தெரிந்த மகள் என்ன மருந்து என்று கேட்டுவிடுவாள் என்ற கூச்சமும் இருந்தது. பெண்களுக்கென்று நண்பகலில் ஒரு நேரமும், காத்திருக்காமல் நேரே உள்ளே வரும் வசதியும், பிள்ளைகளோடு உட்கார ஒரு சிறு அறையும் ஏற்பாடாயின. தங்கும் சிகிச்சையில் குழந்தைகளைத் தாயோடு இருக்க அனுமதித்தால் தாய்மார் கணிசமாக நீண்ட நாட்கள் தங்குகிறார்கள் என்பது 1995-லேயே ஒரு சமவாய்ப்பு ஆய்வில் காட்டப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் குழந்தைக்கு ஒரு இருக்கை போடுவதைச் சலுகையாகக் கருதும் மையங்கள் இருப்பது வேதனைக்குரியது.

மிச்சமிருந்த இரண்டும் திங்கட்கிழமைகள். வெள்ளியன்று வார இறுதிக்கான மாத்திரைகள் கையில் தரப்பட்டிருந்தன. திங்களன்று வராமல், செவ்வாயன்று வந்தபோது கொட்டாவியும் கண்ணீரும் புல்லரித்த தோலுமாக இருந்தார். மருந்தைச் சரியாக எடுத்தவருக்கு அவை வரக்கூடாது. மாத்திரையைக் கணவர் வாங்கி, பாதியைத் தாம் எடுத்துக்கொண்டு, பாதியை விற்றிருந்தார். இதை நோயாளியின் முறைகேடாக எழுதிவைத்து, வீட்டுக்கு மருந்து தருவதை நிறுத்துவது எளிய வழி. அப்படிச் செய்தால் தினமும் வரவேண்டும், அது மெத்தடோனை விலக்கிய அதே சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தும். கொஞ்ச காலம் வார இறுதி மருந்தை அக்காளின் வீட்டில் வைத்துச் சமாளித்தோம். ஆறாம் மாதத்தில், தோலுக்கடியில் போட்டால் ஒரு மாதம் வரை மெல்ல வெளிப்படும் புப்ரெனார்பின் ஊசிக்கு அவர் சம்மதித்தார். உடலுக்குள் போய்விட்ட மருந்தை யாரும் பறிக்க முடியாது என்பதே அதன் முதல் நன்மையாக அவருக்குத் தோன்றியது.

செய்தி அனுப்பும் வழி

வருகையை நினைவூட்டும் குறுஞ்செய்தி பல மையங்களில் தானாகவே போகிறது. அதில் மையத்தின் பெயரும் மருத்துவரின் பெயரும் இருக்கும். கைபேசியைக் கணவர் பார்க்கும் வீட்டில் அது என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை. இவரோடு பேசி முடிவு செய்தது வேறு: எங்கள் எண்ணை அவர் ‘ஓவர்லாக் கடை’ என்று பதிந்துகொண்டார். தைத்த துணிகளை ஓரம் அடிக்கக் கடைக்கு அனுப்புவது அவருடைய அன்றாட வேலைதான் என்பதால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ‘துணி நாளை 12 மணிக்கு’ என்றால் வருகை. ‘துணி தயார், எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்’ என்றால், எத்தனை நாள் தவறியிருந்தாலும் வருகிற அன்றே மருந்து கிடைக்கும், விளக்கம் கேட்கமாட்டோம் என்று பொருள்.

அந்த இரண்டாவது செய்தி ஐந்தாம் மாதத்தில் தேவைப்பட்டது. கணவரோடு நடந்த சண்டைக்குப் பிறகு அவர் மீண்டும் ஹெராயினை நாடினார். பன்னிரண்டு நாட்கள் வரவில்லை. மூன்றாம் நாளே செய்தி போனது, ஏழாம் நாள் மறுபடியும் போனது. முன்கூட்டியே எழுத்தில் பெற்ற சம்மதத்தின்படி அக்காளிடம் மட்டும் பேசினோம். மூக்கில் அடிக்கும் நாலோக்ஸோன் மருந்தும், மூச்சு மங்கும்போது அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் அக்காளுக்கு முதல் வாரத்திலேயே தரப்பட்டிருந்தன. அது வீட்டில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்டோம். பதின்மூன்றாம் நாள் காலை அவர் வந்தார். தாங்குதிறன் மாறியிருக்கும் என்பதால் மருந்தை முதலிலிருந்து, குறைந்த அளவில் தொடங்கவேண்டியிருந்தது. பதிவேட்டில் அது ‘மறுசேர்க்கை’ என்று எழுதப்படவில்லை. தொடர் சிகிச்சையின் ஒரு நாளாகவே எழுதப்பட்டது. நிர்வாகக் கணக்கில் இது சிறிய வேறுபாடு. திரும்பவும் படிவம், திரும்பவும் நேர்காணல், திரும்பவும் காத்திருப்போர் பட்டியல் என்று இருந்திருந்தால் அவர் அன்று மதியத்துக்குள் கிளம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பயன் தராதவை

பெண்களுக்கான குழு ஆலோசனைக்கு இரண்டு முறை வந்து நிறுத்திக்கொண்டார். அங்கே தம் ஊர்க்காரர் யாரேனும் இருந்துவிடுவார்களோ என்ற அச்சம் கடைசிவரை தீரவில்லை. பெண்கள் மட்டுமே உள்ள குழு பலருக்கு ஏற்றது. ஆனால் பெண் என்றால் அதுதான் பொருந்தும் என்று முடிவு கட்டுவதற்கு ஆய்வுகள் இடம் தருவதில்லை. தொலைபேசி வழி ஆலோசனையும் சரிவரவில்லை, வீட்டில் தனியாகப் பேச இடமே இல்லாததால். அவருக்குப் பொருந்தியவை தனி ஆலோசனையும், இதே பாதையில் தேறிய ஒரு பெண் துணையாக வந்ததும். மனச்சோர்வுக்கும் அதே கூரையின் கீழ் சிகிச்சை தரப்பட்டது. வேறோர் இடத்துக்கு அனுப்பியிருந்தால் இன்னொரு வருகை, இன்னொரு காரணம், இன்னொரு பொய் தேவைப்பட்டிருக்கும்.

கணவருக்கு வேறு நேரத்தில், வேறு ஆலோசகரிடம் சிகிச்சை தர முன்வந்தோம். மூன்று முறை வந்தார். பிறகு வரவில்லை. அவரைவிட்டு விலகும்படி நாங்கள் இந்தப் பெண்ணை ஒருபோதும் தூண்டவில்லை. வன்முறை செய்பவரைவிட்டுப் பிரியும் காலமே மிகுந்த ஆபத்துள்ள காலம் என்பது நன்கு அறியப்பட்டது. ஆவணங்கள் எங்கே இருக்கும், பிள்ளைகள் யாரிடம் போவார்கள், யாரை அழைப்பது என்ற பாதுகாப்புத் திட்டத்தை மட்டும் அவரோடு சேர்ந்து, அவருடைய வேகத்தில் தயாரித்தோம். ஒன்பதாம் மாதத்தில், தாமே முடிவெடுத்து, பிள்ளைகளோடு அக்காள் வீட்டுக்குப் போனார்.

விவாதம்

இந்த நிகழ்வில் மருந்து தன் வேலையைச் செய்தது. ஆனால் மருந்து வேலை செய்ய அவர் வந்துசேர வேண்டும். வந்துசேர்வதைத் தடுத்தவை ஒரு கழிப்பறைக் கதவு, ஒரு பள்ளி விடுமுறை, பிறர் கைக்குப் போன சில மாத்திரைகள். இவற்றில் எதுவும் உளவியல் கருவிகளால் அளக்கப்படுவதில்லை. வருகைப் பதிவேட்டைத் தேதி வாரியாக, காரணம் தேடும் கண்ணோடு படித்ததால்தான் இவை தெரியவந்தன. இதைச் செய்ய ஒரு செவிலியருக்கு ஒரு மதிய வேளை போதும். ஆனால் அப்படிக் கேட்கும்போது தொனி முக்கியம்: ‘ஏன் வரலை?’ என்ற கேள்வி பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ‘அன்னைக்கு இங்க வர்றதுல எது கஷ்டமா இருந்துச்சு?’ என்ற கேள்வி மையத்தையும் சேர்த்து விசாரிக்கிறது. வெட்கமே நோயின் பாதியாக இருக்கும் ஒருவரிடம் கடிந்து பேசி வழிக்குக் கொண்டுவருவது என்ற பழைய முறைக்கு இனி இடமில்லை.

கர்ப்ப காலத்தில் தரும் கவனத்தைப் பிரசவத்துக்குப் பின் கைவிடுவது மற்றொரு பெரும் ஓட்டை. கர்ப்பிணிகளுக்கு ஓபியாய்டை ஒரேயடியாக நிறுத்துவதைவிட மெத்தடோன் அல்லது புப்ரெனார்பின் சிகிச்சையில் வைத்திருப்பதே தக்கது என்றும், அந்த மருந்துகளில் உள்ள தாய் பொதுவாகத் தாய்ப்பால் தரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் குழந்தை பிறந்ததும் வருகைகள் குறைகின்றன, கவனிப்போரும் குறைகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு 2018-ல் வெளியான ஆய்வில், அளவு மீறிய பயன்பாட்டு நிகழ்வுகள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகக் குறைவாகவும், பிரசவத்துக்குப் பின் ஏழு முதல் பன்னிரண்டு மாதங்களில் மிக அதிகமாகவும் இருந்தன. நாம் விவரித்த பெண்ணின் பழக்கம் வேர்விட்டதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். தாய்ப்பால், தடுப்பூசி என்று குழந்தைக்காக அவர் மருத்துவமனைக்குப் பலமுறை போய்வந்திருக்கிறார். அவருடைய மாத்திரையைப் பற்றி ஒருமுறையேனும் கேட்டவர் எவருமில்லை.

ஒரு நிகழ்வை வைத்து விதி வகுக்க முடியாது. அக்காள் ஒருவர் இல்லாத பெண்ணுக்கு இந்த ஏற்பாடுகளில் பாதி நடந்திருக்காது. அத்தகையவருக்கு மையமே குழந்தைக் காப்பாளராகவும் மருந்துக் காப்பாளராகவும் ஆகவேண்டியிருக்கும், அதற்குரிய ஆட்களும் பொறுப்பும் வேண்டும். மாத ஊசியும் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை.

பதினான்காம் மாத நிலவரப்படி அவர் சிகிச்சையில் தொடர்கிறார். ஐந்தாம் மாத நிகழ்வுக்குப் பிறகு ஒருமுறை, பத்தாம் மாதத்தில், இரண்டு நாட்கள் பயன்படுத்தினார். மூன்றாம் நாள் தாமே வந்து சொன்னார். மனச்சோர்வு குறைந்துள்ளது, தூக்கம் இன்னும் சரியாகவில்லை. தையல் கூலி இப்போது அவர் கையில் இருக்கிறது. ஊசியின் அளவைக் குறைத்து நிறுத்திவிடலாமா என்று கடந்த இரண்டு சந்திப்புகளில் கேட்டிருக்கிறார். அவசரமில்லை என்பது குழுவின் கருத்து; ஆனால் அதை அவருக்காக முடிவு செய்துவிடாமல், நிறுத்தினால் என்னென்ன நேரலாம் என்பதை அவரோடு எழுதிப் பார்த்தோம். இளையவன் பள்ளியில் சேர்ந்து, பகல் நேரம் அவருக்கு வாய்த்த பிறகு இதை மறுபடி பேசுவது என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதுவரை இப்போதுள்ள அளவே தொடரும்.